தாதியர் பயிற்சி: பணம் கட்டுமுன் கடைசி வாசலைப் பாருங்கள்

(நம் சங்கக் கல்விக் குழுவின் சார்பில் பெற்றோர் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பொன்விழா ஆண்டில் பேச எத்தனையோ இருக்கும்போது தாதியர் படிப்பைப் பற்றிப் பேசத்தான் வேண்டுமா என்று சிலர் கேட்டார்கள். எஸ்.பி.எம். முடிவு வெளியான வாரத்தில் கல்விக் குழுவின் மேசைக்கு வந்து பாருங்கள், விடை தெரியும். "மகளை மிஸ்ஸி வேலைக்குப் படிக்க வைக்கலாமா, எங்கே சேர்க்கலாம், எவ்வளவு ஆகும்?" ஆண்டுதோறும் இதே கேள்விகள்தாம். ஒன்றை மட்டும் யாரும் கேட்பதில்லை. "படித்து முடித்தபின் எந்தப் பதிவேட்டில் பெயர் ஏறும்?" என்பதே அது. இந்த உரை அந்த ஒரு கேள்விக்காகத்தான்.

நம் பேராக்கில் இது புதுக் கேள்வி அல்ல. ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்களுக்கு டிரஸர் ஐயாவை நினைவிருக்கும். தோட்ட ஆஸ்பத்திரி என்பது பெரும்பாலும் ஒரு பலகைக் கட்டடம். அதில் ஒரு மேசை, நாலைந்து கட்டில், வண்ண வண்ண மருந்துத் தண்ணீர் நிறைந்த போத்தல்கள். காய்ச்சல், காயம், பாம்புக்கடி, பிள்ளைப்பேறு எல்லாவற்றுக்கும் முதலில் டிரஸரிடம்தான் ஓட வேண்டும். வருகை மருத்துவர் வரும் நாளில் வருவார். மற்ற நாள்களில் டிரஸரே டாக்டர். தோட்டத்து ஓரத்தில் மளிகைக் கடை வைத்திருந்த நம் ஆட்களும், சம்பள நாளில் சைக்கிளில் துணி மூட்டையோடு லயத்துக்கு லயம் போனவர்களும் நோய் வந்தால் நின்றது அதே மேசைக்கு முன்னால்தான். கடன்காரர்களின் கணக்கு 555 புத்தகத்தில் இருந்தது போல, நோயாளிகளின் கணக்கு டிரஸரின் பதிவுப் புத்தகத்தில் இருந்தது.

அந்த டிரஸர்களில் பலர் கைப்பழக்கத்தால் தொழில் கற்றவர்கள். திறமைசாலிகள், சந்தேகமில்லை. ஆனாலும் 1965-ல் தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டம் வந்தது. இன்னார் இந்த வேலைக்குத் தகுதியானவர் என்று ஒரு பதிவேடு சொல்ல வேண்டும் என்றது. 1977-ல் மருத்துவ உதவியாளர்களுக்கும் தனிப் பதிவுச் சட்டம் வந்தது. தாதியருக்கோ அதற்கு வெகு முன்பே, 1950-ல், தாதியர் சட்டம் வந்துவிட்டது. பிள்ளைப்பேறு பார்ப்போருக்கு 1966-ல் தனிச் சட்டம். ஆக, கைராசி போதும் என்ற காலம் நம் பாட்டன் காலத்திலேயே முடிந்துவிட்டது. இடையே ஒரு செய்தி: விடுதலை பெற்ற நாட்டில் 1957 முதல் 1959 வரை சுகாதார அமைச்சராக இருந்தவர் சுங்கை சிப்புட்டுக்காரரான துன் வீ.தி. சம்பந்தன். தோட்டத்து ஆஸ்பத்திரியின் நிலை அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அரசாங்கத்தின் கிராமச் சுகாதார நிலையங்கள் 1950-களின் பிற்பகுதியிலிருந்து கம்பங்களில் பெருகின. தோட்டமோ தனியார் நிலம். உள்ளே இருப்பவர்களின் மருத்துவத்தை முதலாளி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விடப்பட்டது. கம்பத்துப் பெண்பிள்ளைகள் தங்கள் வீட்டருகே பச்சைச் சீருடை போட்ட மிஸ்ஸியைத் தினம் பார்த்து வளர்ந்தார்கள். "நானும் அப்படி ஆவேன்" என்று சொல்ல அவர்களுக்கு ஓர் ஆள் இருந்தார். நம் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்புக் குறைவு. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனைக்கு மாறின, வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் புந்தோங்குக்கும் ஈப்போவின் மற்ற பகுதிகளுக்கும் வந்து சேர்ந்தார்கள். டிரஸர் போய்விட்டார், ஆனால் "ஆஸ்பத்திரி வேலை என்றால் போய்ப் பழகினால் வந்துவிடும்" என்ற எண்ணம் மட்டும் நம்மோடு மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டது.

இன்றைய வழியைச் சொல்லிவிடுகிறோம். எஸ்.பி.எம். முடித்து, மூன்று ஆண்டு தாதியர் டிப்ளோமா படித்து, பிறகு மலேசியத் தாதியர் வாரியத்தின் தேர்வை எழுதித் தேற வேண்டும். கல்லூரித் தேர்வு வேறு, வாரியத் தேர்வு வேறு. கல்லூரியில் பட்டமளிப்பு அங்கி போட்டுப் படம் எடுத்துக்கொண்டாலும் வாரியத் தேர்வில் தேறிப் பெயர் பதிவாகாமல் பதிவுபெற்ற தாதியாகப் பணி செய்ய முடியாது. பதிவான பின்பும் ஆண்டுதோறும் பணியுரிமச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும். டிப்ளோமா தாதி மட்டுமல்ல, சமூகத் தாதி, உதவித் தாதி என்ற நிலைகளும் வாரியத்தின் பொறுப்பில்தான் உள்ளன. எந்த நிலைக்கான பயிற்சி என்பதைப் பொறுத்து வேலை, சம்பளம், மேற்படிப்பு எல்லாம் மாறும்.

இது நம் நாட்டின் பிடிவாதம் மட்டும் அல்ல. அமெரிக்காவில் 'பிராக்டிகல் நர்ஸ்' என்று ஒரு நிலை உண்டு. நம்மூர் உதவித் தாதிக்கு நிகராகச் சொல்லலாம். அவர்களும் 'என்கிளெக்ஸ்-பிஎன்' என்ற தேர்வில் தேறாமல் உரிமம் பெற முடியாது. 1994 முதல் அந்தத் தேர்வு கணினியில் நடக்கிறது. ஒரு கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னால் அடுத்த கேள்வி கடினமாக வரும், தவறினால் எளிதாக வரும். அப்படி ஏற்றியும் இறக்கியும் ஆளின் அளவைக் கண்டுபிடித்துவிடுகிறது. சிங்கப்பூரிலும் பட்டியல் தாதி, பதிவுத் தாதி என்று இரு நிலைகள் இருக்கின்றன. இரண்டுக்கும் அந்நாட்டுத் தாதியர் வாரியத்தின் பட்டியலில் பெயர் வேண்டும்.

இப்போது நாங்கள் பார்த்த ஒன்றைச் சொல்கிறோம். பெயர்கள் வேண்டாம். ஒரு தாய், மகளின் சான்றிதழை உறையில் போட்டுக்கொண்டு வந்தார். பிள்ளை ஒரு வருடத்துக்கு மேல் படித்திருக்கிறாள். வெள்ளைச் சீருடை, அடையாள அட்டை, கையுறை எல்லாம் உண்டு. நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டியிருக்கிறார்கள். வேலைக்கு விண்ணப்பித்த இடத்தில், "வாரியப் பதிவு எண் என்ன?" என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை. சான்றிதழைப் படித்துப் பார்த்தோம். அது நோயாளிப் பராமரிப்பாளர் பயிற்சி. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருந்தது தாதியர் சீருடைப் படம், சிறிய எழுத்தில் இருந்தது பயிற்சியின் உண்மைப் பெயர். சட்டப்படி ஒரு பொய்யும் இல்லை. பராமரிப்பாளர் வேலை இழிவானதும் அல்ல, முதியோர் இல்லங்களில் அவர்கள் இல்லாமல் நடக்காது. ஆனால் அந்தப் பிள்ளை விரும்பியது அதை அல்ல. கையில் இருந்த சான்றிதழைக் கொண்டு வாரியத் தேர்வு அறைக்குள் நுழையவும் முடியாது.

ஆகவே முன்பணம் கட்டுவதற்கு முன் இரண்டு இடங்களில் விசாரியுங்கள். ஒன்று, மலேசியத் தகுதி நிர்ணய முகமை, அதாவது எம்.கியூ.ஏ. அந்தக் கல்லூரியின் பெயர் இருந்தால் மட்டும் போதாது, குறிப்பிட்ட அந்தப் படிப்பின் பெயர் அதன் பதிவேட்டில் இருக்க வேண்டும். இரண்டு, தாதியர் வாரியம். "இந்தப் படிப்பை முடித்தவர் உங்கள் தேர்வுக்கு அமரலாமா?" என்று நேராகவே கேளுங்கள். கல்லூரி முகவர் ஆயிரம் சொல்வார், நமக்கு வேண்டியது வாரியத்தின் பதில். பி.டி.பி.டி.என். கடன் கிடைக்கிறது என்பதால் வேலையும் கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தனியார் கல்லூரிகளில் தாதியர் டிப்ளோமா முடித்த பலர் வேலை கிடைக்காமல், கடனை மட்டும் சுமந்து நின்றார்கள்.

அந்த 2010-ல்தான் டிப்ளோமாவில் சேர மூன்று கிரெடிட் என்றிருந்தது ஐந்தாக உயர்த்தப்பட்டது. மலாய்மொழி, கணிதம், ஓர் அறிவியல் பாடம் ஆகியவற்றில் கிரெடிட், ஆங்கிலத்தில் தேர்ச்சி என்பது அப்போது அதன் சாரமாக இருந்தது. இந்த விதி மாறக்கூடியது, சேரும் ஆண்டின் விதியை அந்த ஆண்டிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். எனவே தாதியாகும் ஆசை உள்ள பிள்ளைக்கு வேலை தொடங்குவது எஸ்.பி.எம். முடிவு வந்த பிறகு அல்ல, நான்காம் படிவத்தில்.

கணிதம் எதற்கு என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். ஒரு நோயாளிக்கு 500 மில்லி லிட்டர் மருந்து நீரை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். குழாயில் 20 சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி லிட்டர். நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? 500-ஐ 20-ஆல் பெருக்கினால் 10,000 சொட்டு. 4 மணி நேரம் என்பது 240 நிமிடம். வகுத்தால் ஏறக்குறைய 42. நம் சாப்பாட்டுக் கடைக் கல்லாவில் இதைவிடக் கடினமான கணக்கை மனத்திலேயே போடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். கல்லாவில் தவறினால் பத்துக் காசு போகும். இங்கே தவறினால் என்ன ஆகும் என்பதை நாங்கள் சொல்ல வேண்டாம்.

உரிமத் தேர்வு எப்படிச் சிந்திக்கச் சொல்கிறது என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு. இது நாங்களே அமைத்த கேள்வி. ஒருவருக்கு இரத்தம் ஏற்றத் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகிறது. குளிர் நடுக்கம், முதுகு வலி என்கிறார். தாதி முதலில் என்ன செய்ய வேண்டும்? மருத்துவரை அழைப்பதா, காய்ச்சல் பார்ப்பதா, கம்பளி போர்த்துவதா, இரத்தம் ஏற்றுவதை நிறுத்துவதா? நான்கும் செய்யக்கூடியவைதாம். ஆனால் முதலில் செய்ய வேண்டியது ஒன்றே: நிறுத்துவது. மனப்பாடம் செய்த பிள்ளை இந்தக் கேள்வியில் தடுமாறும். வார்டில் கண்ணைத் திறந்து வைத்து நின்ற பிள்ளை தடுமாறாது. கேள்வியின் மொழி புரியாவிட்டால் இரண்டு பேருமே தடுமாறுவார்கள். வீட்டில் தமிழ் பேசுங்கள், அதில் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. கூடவே ஆங்கிலத்திலும் மலாயிலும் தினம் ஒரு பக்கமாவது வாசிக்க வையுங்கள்.

இரவு வேலை, ஆண் நோயாளிகள், விடுதி வாழ்க்கை என்று தயங்கும் பெற்றோர் இங்கே இருக்கிறீர்கள். தயக்கம் புரிகிறது. அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களை ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரத்தில் வைத்துப் பராமரித்த வரலாற்றை நாம் கேட்டிருக்கிறோம். அது பள்ளிவாசலிலேயே இருந்த கூடாரம். இன்றைக்கு ஈப்போ பொது மருத்துவமனைக்குள் போனால் முக்காடும் முழுக்கைச் சீருடையும் அணிந்த தாதியர் எத்தனை பேர்! நம் வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவம் என்றால், "பெண் மிஸ்ஸி இருக்கிறாரா, தமிழ் தெரிந்தவர் இருக்கிறாரா" என்று தேடுகிறோம். அந்த மிஸ்ஸி வேறு யார் வீட்டிலிருந்தாவது வர வேண்டும் என்றால் எப்படி?

பையன்களை மறந்துவிட வேண்டாம். ஆண்களும் தாதியராகலாம். பழைய டிரஸர் வேலையின் இன்றைய வாரிசான உதவி மருத்துவ அதிகாரிப் பயிற்சியும் உண்டு. அதற்கான அரசுப் பயிற்சிக் கழகம் ஒன்று நம் உலு கிந்தாவிலேயே, சுல்தான் அஸ்லான் ஷா பெயரில் இருக்கிறது. 'தஞ்சோங் ரம்புத்தான்' என்றால் கேலி பேசியே பழகிவிட்டோம். 1911 முதல் அங்கே இருப்பது மனநல மருத்துவமனை, அதன் பக்கத்து வட்டாரத்தில் இருப்பது பயிற்சிக் கழகம். கேலியை விட்டுவிட்டு ஒருமுறை பிள்ளைகளைக் கூட்டிப்போய் அந்த வாசலைக் காட்டுங்கள். அரசுப் பயிற்சிக்கான விண்ணப்பம் திறந்திருக்கும் காலம் குறுகியது, அறிவிப்பு வந்தவுடன் சங்கப் பலகையில் ஒட்டிவிடுகிறோம்.

கூட்டம் முடிந்ததும் பின்பக்க மேசையில் கல்விக் குழுவினர் இருப்பார்கள். மூன்றாம், நான்காம் படிவப் பிள்ளைகள் உள்ளவர்கள் மதிப்பெண் அட்டையோடு வாருங்கள். ஏற்கெனவே ஏதாவது கல்லூரியின் தாள் கையில் இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். சிறிய எழுத்தைச் சேர்ந்து படித்துவிடுவோம். வஸ்ஸலாம்.