அடைமுட்டையும் நாணயமும்

கோழி என்றவுடன் நம்மவர் பலருக்கும் ஊரில் விட்டுவந்த புழக்கடையும், அங்கே கவிழ்த்து வைத்த பஞ்சாரமும் நினைவில் எழும். பிழைப்பை நாடி மும்பைக்கும் தில்லிக்கும் கொல்கத்தாவுக்கும் வந்து அடுக்குமாடிகளில் குடியேறிவிட்ட நமக்கு அந்தப் புழக்கடை எட்டாத பொருளாகிவிட்டது. கடல்கடந்த ஆஸ்திரேலியாவிலோ நிலைமை வேறு. அங்கே பெருநகரங்களை அடுத்த குடியிருப்புகளிலும், வீட்டின் பின்புறத்தில் நான்கைந்து கோழிகளை வளர்க்கும் வழக்கம் இன்றும் இருந்து வருகிறது. கோழியை அந்நாட்டார் செல்லமாகச் ‘சுக்’ என்பர். நம் காதுக்கு அது சுக்கு மிளகின் முற்பாதியைப் போல ஒலிக்கும்.

அக்கோழிகள் இடும் முட்டைகளில் பெரும்பகுதி அடுக்களைக்குப் போகிறது. சிறு பகுதி, உண்பதற்காக அன்றி, அடைவைத்துக் குஞ்சு பொரிப்பதற்காகவே விலைக்குப் போகிறது. சேவலோடு கூடிய பெட்டை இட்ட, கருவுள்ள முட்டை அது. நாம் அதனை அடைமுட்டை என்போம். அந்த அடைமுட்டை வாணிகத்தைப் பற்றியே இன்று பேச எடுத்துக்கொண்டோம். சிறிய வாணிகந்தான், ஆயினும் நாணயத்தை உரைத்துப் பார்க்க அதைவிட நல்ல உரைகல் அரிது. ஏனெனில், விற்கும் பொருளின் உள்ளே இருப்பதை விற்பவரும் காண முடியாது. வாங்குபவரும் காண முடியாது.

முதலில் அந்நாட்டுக் கோழிகளின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். வீட்டுக்கோழி ஆஸ்திரேலிய மண்ணில் தோன்றிய பறவை அன்று. 1788ஆம் ஆண்டில் பிரிட்டனிலிருந்து முதற் குடியேற்றக் கப்பல்கள் சிட்னிப் பகுதியை அடைந்தபோது, ஆடு மாடுகளுடன் கோழிகளும் வந்திறங்கின. பின்னர் வந்த குடியேறிகள் தத்தம் ஊர்க் கோழிகளைக் கொண்டுவந்தனர். இங்கிலாந்தின் கெண்ட் மாவட்டத்தில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவான கறுப்பு ஆர்ப்பிங்டன் இனத்தை ஆஸ்திரேலியப் பண்ணையாளர் முட்டை வளத்துக்காகத் தேர்ந்து பெருக்கினர். அவ்வாறு அமைந்ததே ஆஸ்திரலார்ப் என்னும் இனம். 1922-23ஆம் ஆண்டில் அவ்வினத்துக் கோழிகள் ஆறு, 365 நாள்களில் 1,857 முட்டைகளை இட்டன. ஒரு கோழிக்குச் சராசரி 309 முட்டைக்கு மேல்! செயற்கை வெளிச்சத்தின் துணையின்றி எய்திய சாதனை அது. அவ்வினம் நம் நாட்டிற்கும் வந்தது. கேரள வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய கிராமலட்சுமி என்னும் கோழி, ஆஸ்திரலார்ப்பையும் வெள்ளை லெகார்னையும் கலந்து பெற்றதே.

நம் பக்கத்திலிருந்து சென்ற கொடையும் ஒன்று உண்டு. உலகெங்கும் உள்ள பல கோழியினங்களுக்குக் கால்கள் மஞ்சளாக இருப்பதை நாம் அறிவோம். அந்த மஞ்சள் நிறத்துக்குக் காரணமான மரபுக்கூறு, தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்று 2008ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. ஆகவே மெல்போர்னின் ஒரு வீட்டுப் புழக்கடையில் மஞ்சள் காலோடு மேயும் கோழிக்கும், நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டுக்கோழிக்கும் தூரத்து உறவு உண்டு என்று சொல்லலாம்.

இனி, அடைமுட்டைக்கு அங்கே இத்தனை மதிப்பு வந்ததன் காரணத்தைக் காண்போம். ஆஸ்திரேலியா தன் எல்லையை நோய்களுக்கு எதிராகக் கண்ணும் கருத்துமாகக் காத்துவரும் நாடு. வெளிநாட்டிலிருந்து உயிருள்ள கோழியைக் கொண்டுவர அங்கு வழியில்லை. அடைமுட்டையையும் அரசின் அனுமதி பெற்றே கொணரலாம். வந்த முட்டைகள் மெல்போர்னுக்கு வடக்கே மிக்கிள்ஹாமில் உள்ள தனிமைக்காப்பு நிலையத்தில் பொரிக்கப்பட்டு, குஞ்சுகள் கண்காணிப்பில் இருந்த பின்னரே வெளிவர இயலும். அதற்காகும் செலவைப் பெரிய நிறுவனங்கள் தாங்கலாம். புழக்கடையில் பத்துக் கோழி வளர்ப்பவர் தாங்கமாட்டார். ஆகையால் ஓர் அரிய இனம் அந்நாட்டில் அற்றுப்போனால், அதனை மறுபடியும் கொணர்வது எளிதன்று. இருக்கின்ற சில பறவைகளின் முட்டைகளே அவ்வினத்தின் விதைநெல். பெரும் பண்ணைகள் ஓரிரு கலப்பினங்களையே நம்பி இருக்கையில், அந்த விதைநெல்லைக் காத்து வருவோர் பெரும்பாலும் புழக்கடைக் கோழிக்காரர்களே.

இந்த விதைநெல்லைக் கைமாற்றுவது எப்படி? கோழியை நெடுந்தூரம் அனுப்புவது பறவைக்கும் துன்பம், செலவும் மிகுதி. ஒரு பன்னிரண்டு முட்டைகளையோ சிறு பெட்டியில் அடக்கி அஞ்சலில் அனுப்பிவிடலாம். உண்ணும் முட்டையைவிட அடைமுட்டைக்குப் பல மடங்கு விலை உண்டு. இங்கேதான் நாணயத்தின் சோதனை தொடங்குகிறது.

எட்டுப் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் என்பது பொதுவான கணக்கு. ஒருமுறை சேவலோடு கூடிய பெட்டையின் உடலில் அதன் வித்து இரண்டு வாரத்துக்கு மேலும் தங்கியிருக்கும். ஆகவே பெட்டையை வேறோர் இனத்துச் சேவலிடமிருந்து பிரித்து, அதன் இனத்துச் சேவலோடு விட்டால், அன்று முதல் மூன்று வாரமேனும் பொறுத்த பின்பே அதன் முட்டையைத் தூய இனத்து முட்டை என்று விற்பது முறை. பொறுக்காதவர் மறுநாளே விற்கலாம், யார் கண்டறிவார்? முட்டையின் ஓட்டில் தந்தையின் பெயர் எழுதியிருப்பதில்லை. ஐந்தாறு மாதம் வளர்ந்து இறகு நிறம் மாறிய பின்பே வாங்கியவருக்கு உண்மை புலனாகும். அதற்குள் அவர் செலவிட்ட தீவனமும் உழைப்பும் வீணாகியிருக்கும்.

நல்ல வாணிகர் செய்வது என்ன? தம் வீட்டுச் சமையலுக்கென உடைக்கும் முட்டைகளை அவர் உற்று நோக்குகிறார். மஞ்சள் கருவின் மேலே உள்ள வெண்புள்ளி வட்ட வளையமாகத் தெரிந்தால் கரு உண்டு; வளையமின்றி ஒழுங்கற்ற சிறு புள்ளியாக இருந்தால் கரு இல்லை. பத்தில் எத்தனை கருவுள்ளவை என்று கணக்கு வைத்துக்கொண்டு, அதையே வாங்குபவரிடம் சொல்கிறார். தாமும் ஓர் ஈடு அடைவைத்துப் பார்க்கிறார். முட்டைகளை நாளுக்கு இருமுறை எடுத்து, அழுக்குப் பட்டவற்றையும் வடிவம் கெட்டவற்றையும் ஒதுக்கி, கூர்முனை கீழாக நிறுத்தி, ஏறத்தாழ 15 பாகை வெப்பமுள்ள குளிர்ந்த அறையில் வைக்கிறார். ஒவ்வொன்றின் மீதும் இட்ட நாளைப் பென்சிலால் குறிக்கிறார். ஏழு நாளுக்கு மேற்பட்டதை அடைமுட்டை என்று விற்பதில்லை. நாள் செல்லச் செல்லப் பொரிக்கும் திறன் குறைந்துகொண்டே போகும் என்பது அவருக்குத் தெரியும்.

அஞ்சல் வழியில் இன்னொரு கண்டம் இருக்கிறது. முட்டையின் அகன்ற பக்கத்தில் ஒரு காற்றறை உண்டு. வண்டியின் குலுக்கலில் அது நிலைகுலையக்கூடும். வந்து சேர்ந்த முட்டைகளைக் கூர்முனை கீழாக ஒரு நாள் அசையாமல் வைத்த பின்பே அடைவைக்க வேண்டும். அப்படிச் செய்தும் அஞ்சலில் வந்தவற்றுள் பாதி பொரித்தாலே நல்ல பலன் என்பது அனுபவசாலிகளின் கணக்கு. இதனை முன்னதாகவே சொல்லிவிடும் வாணிகரிடம் மனத்தாங்கல் ஏற்படுவதில்லை. சொல்லாமல் விற்றவரோ, முட்டை நல்லதாகவே இருந்தாலும், கூமுட்டை விற்றவர் என்ற பெயரைச் சுமக்க நேரிடும்.

வாங்குபவர்க்கும் கடமை உண்டு. பொரிப்பான் என்னும் கருவியில் வைப்பவர் 37.5 பாகை வெப்பத்தை இருபத்தொரு நாளும் காக்க வேண்டும். நாளுக்கு மூன்று முறையேனும் முட்டைகளைத் திருப்ப வேண்டும். ஏழாம் நாள் இருட்டறையில் விளக்கொளியில் பிடித்து, உள்ளே நரம்பு படர்ந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். பதினெட்டாம் நாள் முதல் திருப்புவதை நிறுத்தி ஈரப்பதத்தைக் கூட்ட வேண்டும். இவை அனைத்தையும் எவரும் கற்பிக்காமலே செய்து முடிப்பது நம் அடைக்கோழி. ஆஸ்திரேலியர் பலரும் இதற்கென்றே பட்டுப்போன்ற இறகுடைய சில்க்கி இனப் பெட்டை ஒன்றை வைத்திருப்பர். அடைகாப்பதில் அது பெயர்பெற்றது. காலமும் நம் கணக்குக்கு மாறானது. அங்கே வசந்தம் செப்டம்பரில் பிறக்கிறது. ஆகவே நமக்கு ஆவணி முதல் கார்த்திகை வரையிலான மாதங்களே அவர்களுக்கு அடைவைக்கும் பருவம்.

எல்லாவற்றிலும் கடினமான கேள்வி ஒன்று உண்டு. பொரிக்கும் குஞ்சுகளில் ஏறத்தாழப் பாதி சேவல்களாகவே இருக்கும். ஆஸ்திரேலிய நகராட்சிகள் பல, பெட்டைக்கோழிகளை அனுமதிப்பினும், விடியற்காலைக் கூவலை எண்ணிச் சேவலுக்கு இடந்தருவதில்லை. கோழிகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்திருக்கின்றன. நியூ சவுத் வேல்ஸ் மாநில விதிப்படி கோழிக்கொட்டில் குடியிருப்பு வீட்டிலிருந்து குறைந்தது 4.5 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். பன்னிரண்டு முட்டை வாங்கி ஆறு குஞ்சு பொரித்து, அவற்றுள் மூன்று சேவலானால், அம்மூன்றின் கதி என்ன? நாட்டுப்புறத்தில் நிலமுள்ளவர் எவரேனும் ஏற்க வேண்டும்; அல்லது உணவாக்க வேண்டும்; சிலர் இரவோடிரவாகப் பூங்காவிலோ காட்டோரத்திலோ விட்டுவிடுகின்றனர். அங்கே நரிக்கு இரையாவதே அவற்றின் முடிவு. ஆகவே, “சேவல் பிறந்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டு, தக்க விடை வந்த பின்பே முட்டையைக் கொடுக்கும் வாணிகரை நாம் பாராட்ட வேண்டும். ஒரு விற்பனையை இழந்தாலும் மூன்று உயிர்களின் அவலத்தைத் தடுத்தவர் அவர்.

நோயைப் பற்றியும் ஒரு சொல். கோழிகளின் மூச்சுறுப்பைத் தாக்கும் மைக்கோப்பிளாஸ்மா போன்ற கிருமிகள் தாயிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்குச் செல்ல வல்லவை. தும்மும் கோழியின் முட்டையை விற்பது நோயை விற்பதற்கு ஒப்பாகும். 2024ஆம் ஆண்டில் விக்டோரியாவிலும் நியூ சவுத் வேல்ஸிலும் தலைநகர்ப் பகுதியிலும், 2025ஆம் ஆண்டில் மீண்டும் விக்டோரியாவிலும் பறவைக் காய்ச்சல் தோன்றியபோது, கட்டுப்பாட்டு வட்டங்களுக்குள் அனுமதியின்றிக் கோழியையும் முட்டையையும் நகர்த்தக்கூடாதென்று அரசு ஆணையிட்டது. அத்தகைய நாளில், ஒரு பெட்டி முட்டைதானே என்று மறைத்து அனுப்புபவர் பக்கத்துப் பண்ணைகள் அனைத்தையும் பணயம் வைக்கிறார்.

இவ்வளவு பாடுபட்டு என்ன வருவாய் கிடைக்கும் என்று நேயர்கள் கேட்கலாம். செல்வம் குவிந்துவிடாது. தீவன மூட்டைக்கும் கூட்டின் கம்பிவலைக்கும் ஆகும் செலவு கைக்கு மீண்டால் அதுவே நிறைவு. அருகிவரும் ஓர் இனம் இன்னும் பத்து வீடுகளில் பரவியிருக்கிறது என்பதே அதற்கு மேற்பட்ட ஊதியம். ஒரு புழக்கடையில் நரி புகுந்து அனைத்தையும் கொன்றாலும், முன்பு முட்டை வாங்கிச் சென்றவரின் வீட்டிலிருந்து அவ்வினம் திரும்பி வரும். கொடுத்து வைத்தவரே பின்னர் கேட்டுப் பெற முடியும்.

நம் பிள்ளைகளும் உறவினரும் ஆஸ்திரேலியாவில் பலர் இருக்கின்றனர். அவர்களில் யாரேனும் இம்முயற்சியில் இறங்கக் கருதினால், நாம் சொல்லத்தக்கவை சிலவே. முதலில் நகராட்சியின் விதியைக் கேட்டறியட்டும். வேறு மாநிலத்துக்கு முட்டை அனுப்புமுன் அம்மாநிலத்தின் விதியையும் அறியட்டும். சேவலுக்கு ஒரு வழி கண்ட பின்பே முட்டை வாங்கட்டும். விற்கும் நாள் வந்தால், தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்லட்டும். பெருக்கிச் சொல்ல வேண்டா. ஓட்டுக்குள் இருப்பது இருபத்தொரு நாளில் தானே வெளிப்படும். விற்றவரின் சொல் மெய்யா பொய்யா என்பதும் அதனோடு வெளிப்படும்.