நம் பள்ளிக்கு ஒரு சொந்த சர்வர்

(ஆசிரியர் பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சர்வர் என்றதும் நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருபவர் ஓட்டலில் இட்லி கொண்டுவந்து வைப்பவர்தான். கணினி உலகத்து சர்வர் செய்வதும் ஏறத்தாழ அதே வேலைதான். ஒருவர் கேட்கிறார், உள்ளே இருப்பதை இன்னொருவர் எடுத்துவந்து தருகிறார். நாம் கைப்பேசியில் ஒரு காணொலியைத் தொட்டால், எங்கோ இருக்கும் ஒரு கணினி அதை எடுத்து அனுப்புகிறது. அந்தக் கணினி நம் பள்ளி அலமாரியிலேயே இருந்தால் என்ன? அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

எதற்கு இந்த வேலை, எல்லாம்தான் இணையத்தில் இருக்கிறதே என்று கேட்பீர்கள். மூன்று காரணங்கள் சொல்கிறேன்.

முதலாவது, நம் அன்றாடச் சிக்கல். நம்மில் பலர் சொந்தக் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டை வைத்துத்தான் பாடம் நடத்துகிறோம். 100 எம்பி அளவுள்ள ஒரு காணொலியை 10 கருவிகளில் தனித்தனியாகப் பார்த்தால் 1 ஜிபி தீர்ந்துவிடும். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி என்று ரீசார்ஜ் செய்தவருக்கு இரண்டாவது பாடவேளையிலேயே கை காலி. பள்ளிக்குள் சர்வர் இருந்தால் அதை ஒருமுறை இறக்கினால் போதும். பிறகு எத்தனை பிள்ளைகள் எத்தனை முறை பார்த்தாலும் இணையமே தேவையில்லை.

இரண்டாவது, பிறர் இடத்தில் வைத்த பொருளுக்குப் பிறர் விதிதான். கூகுள் நிறுவனம் கல்வி நிறுவனங்களுக்கு வரம்பில்லாத சேமிப்பிடம் தந்துவந்தது. 2021-இல் அந்த முறையை மாற்றி, ஒரு நிறுவனத்துக்கு அடிப்படையாக 100 டெராபைட் என்று அறிவித்தது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவர்கள் கடை, அவர்கள் விலைப்பட்டியல். ஆனால் பல ஆண்டுகளாகச் சேர்த்த பாடப்பொருள்களின் ஒரே பிரதி அந்தக் கடையில் மட்டும் இருக்கலாமா என்பது நாம் யோசிக்க வேண்டிய கேள்வி.

மூன்றாவது, பிள்ளைகளின் விவரங்கள். பெயர், படம், குரல், மதிப்பெண் எல்லாவற்றையும் ஏதேதோ செயலிகளில் ஏற்றுகிறோம். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத அனைவரையும் குழந்தை என்றே வரையறுக்கிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் இசைவைப் பற்றிப் பேசுகிறது. வகுப்பில் நடந்த வினாடி வினாவின் விடைகள் பள்ளி வளாகத்தைத் தாண்டாமல் இருப்பது, நம்மை நம்பி அனுப்பிய பெற்றோருக்கு நாம் செய்யும் மரியாதை.

இனி மென்பொருளுக்கு வருவோம். சொந்த சர்வர் நடத்துவதைச் சாத்தியமாக்கியது கட்டற்ற, திறந்த மூல மென்பொருள்தான். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் குனூ திட்டத்தை அறிவித்தார். 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருநிரலை வெளியிட்டார். இந்த மென்பொருள்கள் நமக்கு நான்கு உரிமைகளைத் தருகின்றன: எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி இயங்குகிறது என்று படித்துப் பார்த்து மாற்றலாம், பிரதி எடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம், மாற்றியதையும் பகிரலாம்.

மூன்றாவது உரிமையைச் சற்றுக் கவனியுங்கள். தேர்வில் பார்த்து எழுதாதே என்று பிள்ளைகளிடம் சொல்லும் நாம், கள்ளப் பிரதி மென்பொருளைக் கணினியில் வைத்துக்கொண்டு கணினிப் பாடம் நடத்துவது சரியாகுமா? லினக்ஸைப் பென் டிரைவில் போட்டுப் பக்கத்துப் பள்ளிக்குக் கொடுத்தால் அது திருட்டு ஆகாது. உரிமத்திலேயே எழுதித் தந்திருக்கும் உரிமை அது. பகிர்ந்துகொள்வதையும் நேர்மையையும் ஒன்றாகவே கற்றுக்கொடுக்க நமக்கு இங்கே ஒரு வழி இருக்கிறது.

அரசுப் பள்ளிகளில் இது நடக்குமா என்ற ஐயம் வேண்டாம். அண்டை மாநிலமான கேரளத்தில் 2001-இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் பின்னர் கட்டற்ற மென்பொருளையே பள்ளிகளுக்கு உரியதாக்கிக்கொண்டது. அதுவே 2017-இல் கைட் என்ற நிறுவனமாக மாறியது. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு தங்கள் பாடத்திட்டத்துக்கு ஏற்ற இயங்குதளத்தை அவர்களே தயாரித்துக்கொள்கிறார்கள். அங்கே அதைக் கற்று நடைமுறைப்படுத்தியவர்கள் நம்மைப் போன்ற ஆசிரியர்கள்தான்.

சரி, எப்படித் தொடங்குவது? முதலில் வீட்டில் தொடங்குங்கள். பரணில் கிடக்கும் பழைய மடிக்கணினி போதும். 4 ஜிபி ராம் இருந்தால் நல்லது. பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் வேகம் கூடும். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் கடையில் கொடுத்துக் கழற்றிவிடுங்கள். அதில் விளையாட்டு வேண்டாம். டெபியன் லினக்ஸை நிறுவுங்கள். சாதாரண வைஃபை ரூட்டர் ஒன்றை இணையுங்கள். ரூட்டருக்கு இணைய இணைப்பு இருக்க வேண்டும் என்பதில்லை. ரூட்டரின் அமைப்பில் சர்வருக்கு மாறாத முகவரி ஒன்றைக் கொடுத்துவிட்டால், பிள்ளைகள் பிரவுசரில் அந்த எண்ணைத் தட்டினாலே போதும். அவர்கள் கருவியில் எதையும் நிறுவ வேண்டாம்.

மின்செலவையும் பார்த்துவிடுவோம். மடிக்கணினி 20 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், பள்ளி நேரமான 8 மணிக்கு 160 வாட் மணி. 25 வேலை நாளுக்கு 4 யூனிட்தான்.

அலமாரி தயார், உள்ளே என்ன அடுக்குவது? கிவிக்ஸ் என்ற மென்பொருள் விக்கிப்பீடியாவை இணையமின்றிப் படிக்க உதவுகிறது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் கொண்ட தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கிவைக்கலாம். கொலிப்ரி என்ற மென்பொருளில் பாடங்களை அடுக்கலாம், வினாடி வினா நடத்தலாம், யார் எதில் தடுமாறுகிறார் என்று பார்க்கலாம். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் அறிவியல் பாவனைகளில் பல தமிழிலும் உள்ளன. மின்சுற்றைத் திரையிலேயே இணைத்துப் பார்க்கலாம். இவற்றோடு நம் பாடநூல்களின் பிடிஎஃப், நீங்களே பதிவுசெய்த ஒலிப்பாடங்கள், பிள்ளைகள் எழுதிய கதைகள். இந்தக் கடைசிப் பகுதிதான் வேறெந்த சர்வரிலும் கிடைக்காதது.

சில எச்சரிக்கைகளும் உண்டு. தலைமை ஆசிரியரின் அனுமதி பெற்று, கணினியை இருப்புப் பதிவேட்டில் ஏற்றிய பிறகே பள்ளிக்குள் வையுங்கள். ஹைடெக் ஆய்வகக் கணினிகளில் கை வைக்க வேண்டாம். எமிஸ் போன்ற அலுவல் பதிவுகள் உரிய தளத்திலேயே இருக்கட்டும். பள்ளி சர்வரை வெளி இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள்; அதன் பாதுகாப்பு தனிப் படிப்பு. முக்கியக் கோப்புகளுக்கு மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு கட்டடத்தில் என்பது கணினித் துறையின் பழைய விதி. சொந்த சர்வரில் வாடகை கிடையாது; ஆனால் ஒட்டடை அடிப்பதும் நம் வேலைதான். விக்கிப்பீடியா கட்டுரையை வகுப்புக்குக் கொண்டுபோகும் முன் நாம் ஒருமுறை படித்துச் சரிபார்க்கவும் வேண்டும்.

கடைசியாக ஒன்று. இப்படிப்பட்ட முயற்சிகளுக்குப் பெரும்பாலும் முடிவு கட்டுவது பழுதல்ல, பணியிட மாறுதல். ஆர்வமுள்ள ஆசிரியர் கலந்தாய்வில் வேறு ஊருக்குப் போவார்; கடவுச்சொல்லும் அவரோடு போய்விடும். அலமாரியில் இருப்பது அதன்பின் வெறும் பெட்டி. ஆகவே சர்வரோடு ஒரு 80 பக்க நோட்டும் வையுங்கள். எப்படி இயக்குவது, எப்படி நிறுத்துவது, முகவரி என்ன, பிரதி எங்கே இருக்கிறது என்று தமிழில் கையால் எழுதுங்கள். கடவுச்சொல்லைத் தனி உறையில் இட்டுத் தலைமை ஆசிரியரிடம் ஒப்படையுங்கள். சக ஆசிரியர் ஒருவருக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருவருக்கும் அந்த நோட்டைக் கொடுத்து, நீங்கள் எட்ட நின்று, அவர்களையே இயக்கச் சொல்லுங்கள். அவர்கள் எங்கே தடுமாறுகிறார்களோ அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுதுங்கள். உங்கள் உதவி இல்லாமல் அவர்கள் இயக்கும் நாளில்தான் அது பள்ளியின் சர்வர் ஆகும்.