குரத்தியர் வாழ்ந்த நாடு

(மகளிர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



‘பெண் கருவறைக்குள் நுழைவதா? அப்படி ஒரு வழக்கமே இல்லையே!’ என்பார் இன்றும் உளர். வழக்கத்தைக் காட்டி மறுப்பார்க்கு வழக்கத்தைக் கொண்டே விடை தருதல் முறை. தமிழ்நாட்டின் வழக்கம் யாது? வாய்ச்சொல்லை விடுத்து, நூலையும் கல்லையும் கேட்போர்க்கு அது விளங்கும்.

திருமுருகாற்றுப்படையில் முருகனை அழைத்து வழிபாடு நிகழ்த்துபவள் குறமகள். சிலப்பதிகார வேட்டுவ வரியில் கொற்றவையின் அருள் வந்து பேசுபவள் சாலினி. அந்நூலிலேயே கோவலனுக்கும் கண்ணகிக்கும் வழித்துணையாய் மதுரைக்கு நடந்தவர் கவுந்தியடிகள். காப்பியம் பாடிய துறவிக்கு இளங்கோவடிகள் என்பது பெயர். அவர் படைத்த துறவுமகளுக்குக் கவுந்தியடிகள் என்பது பெயர். ஆணுக்கும் பெண்ணுக்கும் மதிப்புச்சொல் ஒன்றே. ‘அடிகள்’ என்பதில் ஆண்பால் பெண்பால் வேற்றுமை இல்லை.

காப்பியம் கற்பனை என்பாரோ? கல் கற்பனையன்று. கழுகுமலைப் பாறையில் சமணத் திருவுருவங்களின் கீழ் வட்டெழுத்தில் பல பெயர்கள் உள்ளன. அவற்றுள் குரத்தியர் பெயர்களும் உள. குரவர் என்பதன் பெண்பாலே குரத்தி. சமயம் கற்பிக்கும் ஆசிரியை என்பது பொருள். குமரி மாவட்டத்துச் சிதறால் மலையில், குணந்தாங்கிக் குரத்தி என்பார் அங்குள்ள பெண்தெய்வத்திற்குப் பொன்னணி ஈந்த செய்தி கல்லில் நின்று பேசுகிறது.

இவையெல்லாவற்றினும் சிறந்தது திருவண்ணாமலை மாவட்டத்து வேடல் கல்வெட்டு. முதலாம் ஆதித்த சோழன் காலத்தது, ஏறத்தாழ 1100 ஆண்டுகட்கு முற்பட்டது எனக் கருதப்படுவது. கனகவீரக் குரத்தியார் என்னும் அம்மையார்க்கு மாணாக்கர் 500 பேர். அவர்கட்கும், அங்கிருந்த தவப்பெண்டிர் 400 பேர்க்கும் பிணக்கு நேர்ந்தது. அப்போது குரத்தியாரின் மாணாக்கர்க்கு உணவும் காப்பும் அளிப்போம் என்று ஊரார் உறுதி கூறினர். ஒரு பெண்ணின் தலைமையை ஊரே தாங்கி நின்ற செய்தி இது! இவ்வளவிற்கும், பெண்பிறவியில் வீடுபேறு இல்லை என்பது திகம்பரச் சமணத்தின் கொள்கை. அக்கொள்கையையும் மீறி அவர்தம் தகுதி இந்நாட்டில் மதிக்கப்பெற்றது.

‘குரத்தியர் பள்ளியாசிரியரேயன்றிக் கோயிற் பூசகர் அல்லரே’ என்று ஒருவர் வினவலாம். உண்மை, அதை மறைத்தல் வேண்டா. ஆனால் சமயத் தலைமைக்குப் பெண் தகாள் என்னும் கொள்கை இம்மண்ணின் பொதுவழக்கம் அன்று என்பதற்கு அக்கற்களே சான்று. பூசைக்கோ, ஊர்ப்புறத்து அம்மன் கோயில்கள் சான்று. பெண்கள் அங்கே பூசாரியராய் இருத்தல் புதுமை அன்று.

மதுரை மாவட்டம் உசிலம்பட்டிப் பகுதியில் அத்தகைய ஒரு பெண்ணைச் சிலர் தடுத்தனர். தந்தைக்குப்பின் அம்மன் கோயிற் பூசையை ஏற்றவர் அவர். 2008இல் உயர்முறைமன்ற நடுவர் சந்துரு, பெண் பூசை செய்வதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லையெனத் தீர்ப்பளித்தார். உள்ளே வீற்றிருப்பவள் பெண். அவளுக்குப் பூச்சூட்ட வருபவள் மட்டும் பெண்ணாய் இருத்தல் கூடாதாம்! இதனினும் பெரிய முரண் உண்டோ?

பெருங்கோயில்களின் கதவு எளிதில் திறவாது. 1970இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் பூசகர் பணியில் பிறப்புவழி உரிமையை நீக்கியது. 1972இல் உச்சமுறைமன்றம் அச்சட்டத்தை ஏற்றது. ஆயினும், பயிற்சி பெற்ற பல்வேறு குலத்தார் 2021 ஆகட்டில்தான் ஒருசேரப் பணியில் அமர்த்தப்பெற்றனர். அப்போது மாடம்பாக்கம் கோயிலில் பெண்ணொருவர் ஓதுவார் ஆனார். திருவரங்கப் பயிற்சிப்பள்ளியில் தேறிய பெண்கள் மூவர் 2023 செபுதம்பரில் சான்றிதழ் பெற்றனர். இதற்கிடையே, ஆகமக் கோயில்களில் ஆகமப்படியே பூசகரை அமர்த்த வேண்டும் என்று 2022இல் சென்னை உயர்முறைமன்றம் வரம்பிட்டது. 1970இலிருந்து 2023 வரை 53 ஆண்டுகள். தேறிய பெண்களோ மூவர்!

எஞ்சிய தடை ‘தீட்டு’ என்னும் ஒரு சொல். பெண்ணுடலின் இயல்பைத் தீட்டென்பார், அவ்வியல்பின்றித் தாம் பிறந்ததுண்டோ என எண்ணிப் பார்க்கட்டும். மேல்மருவத்தூரில் பெண்கள் மாதவிலக்கு நாள்களிலும் வழிபடுகின்றனர்; கருவறையிற் பூசையும் செய்கின்றனர். அங்குத் தெய்வம் அகன்றுவிட்டதாக யாரும் சொல்லவில்லை. இறையுருவம் இருக்கும் அறைக்குத் தமிழர் இட்ட பெயர் கருவறை. கருவைத் தாங்குபவளை அப்பெயருடைய அறைக்கு வெளியே நிறுத்துவது சொல்லுக்கும் பொருந்தாது; அறத்துக்கும் பொருந்தாது.

தாய்மாரே! சான்றிதழ் சுவரில் தொங்குவதற்கு அன்று. கற்றவள் கருவறைக்குள் நின்று விளக்கேற்ற வேண்டும். அந்நாள் வரும்வரை, மகளைப் பயிற்சிக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர்க்குத் துணிவு ஊட்டுங்கள். ஊர்க்கோயிலில் பூசை செய்யும் பெண்ணை யாரேனும் தடுத்தால் அவள் பக்கம் நில்லுங்கள். வேடல் ஊரார் அன்று செய்தது அதுவே. அவர்தம் வழியினர் இன்று செய்ய வேண்டியதும் அதுவே.