பாடவேளை மணியும் மணிக்கட்டுப் பட்டையும்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்தக் கூட்டத்தில் வழக்கமாகப் பாடப்பொருள் பற்றித்தான் பேசுவோம். இன்று நம் உடல்நலம் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் மருத்துவர் அல்ல. உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் நடத்தும் பட்டதாரி ஆசிரியை. எனக்கு நடந்ததையும் படித்துத் தெரிந்துகொண்டதையும் மட்டும் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு இரத்தப் பரிசோதனையில் என் மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு 6.2 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை, 6.5-ஐத் தொட்டால் நீரிழிவு. சர்க்கரை நோயால் கால்விரலை இழந்தவர் என் அம்மா. அதனால் பயந்துவிட்டேன். "அதிக நேரம் உட்கார்ந்தே இருப்பீர்களா?" என்று மருத்துவர் கேட்டபோது எனக்குக் கோபம்கூட வந்தது. "நான் டீச்சர், டாக்டர். நாள் முழுக்க நின்றுகொண்டுதான் இருக்கிறேன்" என்றேன்.

"சொன்னா நம்ப மாட்டே அக்கா, கட்டிப் பாரு" என்று நடையை எண்ணும் கைப்பட்டை ஒன்றைத் தம்பி வாங்கித் தந்தான். இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் குறித்து வந்தேன். வகுப்பு நாள்களில் ஏறத்தாழ 6,000 அடிகள். விடைத்தாள் திருத்திய நாள்களிலும், கணினியில் மாணவர் விவரம் பதிவேற்றிய நாள்களிலும் 2,000-ஐத் தாண்டவில்லை. ஒரு சனிக்கிழமை நான்கு மணி நேரம் நாற்காலியை விட்டு எழவே இல்லை. என் கோபம் அன்றே அடங்கியது.

உட்கார்ந்தே இருப்பதன் கேடு புதிய செய்தி அல்ல. 1953-இல் ஜெரமி மோரிஸ் குழுவினர் லண்டன் பேருந்துப் பணியாளர்களை ஆராய்ந்தார்கள். உட்கார்ந்து ஓட்டிய ஓட்டுநர்களைவிட, இரட்டை அடுக்குப் பேருந்தில் படி ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு நோய் குறைவாக இருந்தது. பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் நேரத்தைக் குறைத்து, சிறிதளவேனும் உடலசைவால் அதை நிரப்ப வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் சொல்கிறது. காலையில் அரை மணி நேரம் நடப்பவர்கூட மீதி நாள் முழுவதும் உட்கார்ந்தே கழிக்கலாம். அதையும் நாம் கவனிக்க வேண்டும்.

சரி, கருவியை எவ்வளவு நம்பலாம்? இதை ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடமே விட்டேன். நான் 100 அடி எண்ணி நடந்தேன்; பட்டை 97 காட்டியது. நோட்டுக் கட்டை இரு கைகளாலும் அணைத்தபடி 100 அடி நடந்தேன். 61 தான் காட்டியது. நகராமல் நின்று கரும்பலகையில் பத்து நிமிடம் எழுதினேன். 40 அடி ஏறியிருந்தது! "டீச்சர், இது பொய் சொல்லுதா?" என்றாள் ஒரு மாணவி. பொய் அல்ல. உள்ளே இருக்கும் முடுக்கமானி கையின் அசைவைத்தான் அறிகிறது. அதை வைத்துக் காலடியைக் கணிக்கிறது. நாம் அசையாமல் நிற்கிறோமா, உட்கார்ந்திருக்கிறோமா என்பதும் அதற்குச் சரியாகத் தெரியாது. அளவீட்டுப் பிழை என்ற பாடம் அன்று எளிதாகப் புரிந்தது.

அடுத்து, நான் செய்த தவறைச் சொல்ல வேண்டும். ஆர்வத்தில் ஆசிரியர் அறைப் பலகையில் யார் எத்தனை அடி நடந்தார்கள் என்று தினமும் எழுதத் தொடங்கினேன். இலக்கு 10,000. முழங்கால் வலி உள்ள மூத்த ஆசிரியை ஒருவர் கடைசியில் வருகிறோமே என்று கூச்சப்பட்டு, இரவில் மாடியில் நடந்து எண்ணிக்கையை நிரப்பியிருக்கிறார். முழங்கால் வீங்கி ஒரு வாரம் விடுப்பு எடுத்தார். "பிள்ளைங்களுக்கு ரேங்க் போடக் கூடாதுன்னு சொல்ற நீயே எனக்கு ரேங்க் போட்டுட்டியேம்மா" என்றார். அன்றே பலகையை அழித்துவிட்டேன்.

பிறகுதான் படித்தேன். 10,000 என்பது மருத்துவர்கள் வகுத்த எல்லை அல்ல. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடியெண்ணியின் பெயரிலிருந்து பரவிய எண். அமெரிக்காவில் வயது முதிர்ந்த பெண்களிடம் நடத்திய ஆய்வொன்று 2019-இல் வெளியானது. நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. 7,500-க்கு மேல் கூடுதல் பயன் தெரியவில்லை. கருவி மட்டும் போதாது என்பதற்கும் சான்று உண்டு. 2016-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், எடை குறைக்க முயன்ற இளைஞர்களுள் கருவி அணிந்த குழுவினர் இரண்டாண்டில் குறைத்தது 3.5 கிலோ, அணியாத குழுவினர் 5.9 கிலோ.

அப்படியானால் பட்டை எதற்கு? எனக்கு அது பாடவேளை மணி போல. மணி அடித்தால் நாம் எழுந்து அடுத்த வகுப்புக்குப் போகிறோம். விடைத்தாள் கட்டின் முன் நமக்கு மணி அடிக்க ஆள் இல்லை. ஒரு மணி நேரம் அசையாவிட்டால் பட்டை அதிர்கிறது, நான் எழுகிறேன். எழுந்து போவதற்கு ஒரு காரணமும் வேண்டுமே! அதனால் தண்ணீர்ப் பாட்டிலை அடுத்த அறையில் வைத்தேன். விடைத்தாள்களைப் பத்துப் பத்தாகப் பிரித்து வேறொரு மேசையில் வைத்தேன். நோட்டுகளை என் மேசைக்கு வரவழைக்காமல், பிள்ளைகளின் இடத்துக்கே போய்த் திருத்துகிறேன். கடைசி வரிசைப் பிள்ளையின் நோட்டை இப்போதுதான் நிதானமாகப் பார்க்கிறேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

யாரும் இதற்காகப் பணம் செலவழிக்க வேண்டாம். கைப்பேசியே நடையை எண்ணும். ஆனால் சேலைக்குப் பை கிடையாது. மேசைமேல் கிடக்கும் கைப்பேசி நம் நடையை அறியாது. அவர்களுக்கு மணிக்கொருமுறை ஒலிக்கும் அலாரம் போதும். கருவி வைத்திருப்பவர்கள் முதல் வாரம் வெறுமனே குறியுங்கள். பிறகு உங்கள் சராசரியோடு 500 அடி கூட்டுங்கள். அடுத்தவரின் எண்ணைப் பார்க்காதீர்கள். மூட்டுவலி, இதயநோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

ஆறு மாதம் கழித்து என் சர்க்கரை அளவு 5.9. இரவுச் சோற்றையும் குறைத்தேன். எனவே எல்லாப் பெருமையும் பட்டைக்கு இல்லை. அந்த மூத்த ஆசிரியை பட்டை எதுவும் அணிவதில்லை. ஆனால் ஆசிரியர் அறையில் என் பட்டை அதிர்ந்தால், "மணி அடிச்சிருச்சு, எழுந்திரும்மா" என்று முதலில் எழுபவர் அவர்தான்.

நான் பேசத் தொடங்கி ஒரு பாடவேளை ஆகப்போகிறது. தேநீர் வாங்கும் சாக்கில் அனைவரும் எழுந்து ஒரு சுற்று நடந்து வருவோம்.