நள்ளிரவுக்கு எந்தத் தேதி?



நெடுந்தூரப் பயணத்தைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். மூட்டை கட்டுவது, வழிச் சாப்பாடு, ரயில் தூக்கம், ஊர் வந்து சேர்வது, தங்க இடம் பிடிப்பது என்று வரிசையாகச் சொன்னால் நன்றாக இருக்கும் என்றார்கள். மூட்டை கட்டுவது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். புளியோதரை எத்தனை நேரம் கெடாது என்பதும் தெரியும். அதனால் நேரே கடைசிக்குப் போகிறேன். ஊர் வந்தாயிற்று. லாட்ஜ் கவுண்டருக்கு முன்னால் பையை இறக்கி வைத்துவிட்டு செல்போனை நீட்டுகிறீர்கள். எதிரே இருப்பவர் கம்ப்யூட்டரை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, "உங்க பேர்ல ஒண்ணும் இல்லையே சார்" என்கிறார். எனக்கு நன்றாகப் பழக்கமான இடம் அது. எதிரே உட்கார்ந்திருந்தவன் நான்தான்.

எனக்கு வீடு திருவனந்தபுரத்தில், கரமனை. ஆற்றை ஒட்டிய தெருக்களில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் பகுதி. சாயங்காலம் காப்பி குடித்துவிட்டு, கிள்ளிப்பாலம் வழியாக, ரயில்வே ஸ்டேஷன் இருக்கும் தம்பானூர் போய், லாட்ஜ் ரிசப்ஷனில் உட்கார்ந்தால் மறுநாள் காலையில்தான் வீடு. லாட்ஜின் பெயர் வேண்டாம். அப்படிப்பட்ட லாட்ஜுகள் எல்லா ஊரிலும் ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கின்றன.

இந்த ஊருக்கு ராத்திரியில் வருகிறவர்களை நினைத்துப் பாருங்கள். டில்லியில் கிளம்பும் கேரளா எக்ஸ்பிரஸ் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடி, வழியில் இரண்டு ராத்திரியைக் கழித்துவிட்டு, மூன்றாம் நாள் ராத்திரி பத்து மணியை ஒட்டி வரும். தாமதமானால் கேட்கவே வேண்டாம். வளைகுடாவிலிருந்து வரும் விமானங்கள் பல, கோழி கூவும் முன்பே தரை இறங்கும். தூத்துக்குடி, திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கத்து ஆட்கள் ஸ்ரீசித்ரா ஆஸ்பத்திரிக்கும் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கும் வைத்தியத்துக்கு வருகிறார்கள். காலையில் ஓ.பி.யில் நிற்க வேண்டுமே என்று முந்தின ராத்திரியே பஸ் ஏறிவிடுவார்கள். இவர்கள் எல்லோரும் எங்கள் கவுண்டருக்கு முன்னால் வந்து நிற்கிற நேரம், ராத்திரி பதினொன்றுக்கும் விடியற்காலை நாலுக்கும் நடுவே.

கோளாறு பிறக்கிற நேரமும் அதுதான். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், கேளுங்கள்.

ராத்திரி பன்னிரண்டு அடித்தால் காலண்டரில் தேதி மாறிவிடுகிறது. லாட்ஜில் மாறாது. ராத்திரி வேலைக்காரன் அன்றைய வரவு, பாக்கி, காலி அறை எல்லாவற்றையும் சரிபார்த்துக் கணக்கை மூட வேண்டும். அதற்குப் பெயர் நைட் ஆடிட். என் ஆரம்ப நாட்களில், நீளமான பதிவேட்டில் கடைசிப் பெயருக்குக் கீழே ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் ஒரு கோடு போடுவோம். கோடு போட்டால்தான் அடுத்த நாள் பிறக்கும். கம்ப்யூட்டர் வந்த பிறகும் இதே கதைதான். நான் கணக்கை மூடி பட்டனை அமுக்குகிறவரை அதற்கு நேற்றைய தேதிதான். தேதி மாறினாலும் அறை உடனே கிடைக்காது. பதினாலாம் தேதிக்கு நீங்கள் போட்ட அறை பதினாலாம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்கு, சில இடங்களில் இரண்டு மணிக்குத்தான் உங்களுடையது. அதுவரை அதில் பதிமூன்றாம் தேதிக்காரர் தூங்கிக்கொண்டிருப்பார்.

தூத்துக்குடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் மனைவியோடு வந்தார். மணி இரண்டு இருக்கும். அந்த அம்மாவுக்கு ஸ்ரீசித்ராவில் காலை எட்டு மணிக்கு டாக்டர். சென்னையில் இருக்கிற மகன் செல்போனில் அறை போட்டு, பணமும் கட்டியிருக்கிறான், பதினாலாம் தேதிக்கு.

"அண்ணாச்சி, இது இன்னைக்குப் பகல் பன்னெண்டு மணிக்குத்தான் கிடைக்கும்" என்றேன்.

"தம்பி, இன்னைக்குப் பதினாலுதானே?"

"காலண்டருக்குப் பதினாலு. எங்க கணக்குக்கு இன்னும் பதிமூணு."

மகன் மேல் குற்றமில்லை. பதினாலாம் தேதி போய்ச் சேர்கிறார்கள், பதினாலாம் தேதிக்குப் போட்டான். லாட்ஜின் மேலும் குற்றமில்லை. அன்று அறைகள் எல்லாம் நிறைந்திருந்தன. சாவி மாட்டுகிற பலகையில் ஒரு சாவிகூடத் தொங்கவில்லை. விடிவதற்குள் வந்து சேர்கிறவர்கள் முந்தின நாளுக்கு அறை போட வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. பதிமூன்றாம் தேதிக்குச் சரியாகப் போட்டிருப்பார்கள். ரயில் ஐந்து மணி நேரம் லேட். லாட்ஜுக்குத் தகவல் சொல்லவில்லை. நைட் ஆடிட் நேரத்தில் ஆள் வராததைப் பார்த்து, வேலைக்காரன் 'நோ ஷோ' என்று குறித்துவிட்டு, வாசலில் நிற்கிற வேறொருவருக்குச் சாவியைக் கொடுத்துவிடுவான். அரை மணி கழித்து நீங்கள் வந்து நிற்பீர்கள். சாயங்காலமே ஒரு போன் போட்டு, "ராத்திரி இரண்டு மணி ஆகும், அறையை விட்டுவிடாதீர்கள்" என்று சொல்லியிருந்தால் அவன் உங்கள் பெயருக்கு எதிரே அதை எழுதிவைத்திருப்பான். எழுதி வைத்ததை மீறி ஒரு அறையைக் கொடுக்க எங்களுக்குக் கை வராது.

சரி, பெரியவர் கதைக்கு வருகிறேன். அவர் சத்தம் போடவில்லை. சோபாவில் மனைவியை உட்கார வைத்துவிட்டு, மாத்திரைக்குக் கொஞ்சம் வெந்நீர் கேட்டார். நான் போனை எடுத்தேன்.

நேயர்களே, எங்கள் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் போன்தான். தம்பானூரைச் சுற்றி உள்ள லாட்ஜுகளில் ராத்திரி உட்கார்ந்திருக்கிறவர்கள் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். பகலில் முதலாளிகள் போட்டி போடுவார்கள். ராத்திரியில் நாங்கள் ஆள் அனுப்பிக்கொள்வோம். இருபத்துநாலு மணி நேரக் கணக்கில் அறை விடுகிற லாட்ஜுகளில் எந்த நேரத்திலும் ஒரு அறை காலியாகும். ராத்திரி ஒரு மணி ரயிலைப் பிடிக்கிறவர் பன்னிரண்டரைக்குச் சாவியை வைத்துவிட்டுப் போவார். எந்தச் செயலியிலும் அந்த அறை தெரியாது. அங்கே உட்கார்ந்திருக்கிறவனுக்கு மட்டும்தான் தெரியும். மூன்றாவது போனில் பின்தெருவில் ஒரு அறை கிடைத்தது. "பெட்ஷீட் மாத்த பத்து நிமிஷம், அனுப்பி வை" என்றான் அந்தப் பக்கத்து ஆள், மலையாளத்தில். எங்கள் ரூம் பாய் அவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே போனான்.

அதே கவுண்டரில் வேறொரு நாள் இன்னொருவர். அவருடைய பதிவு எங்களிடம் வந்தே சேரவில்லை. வந்த உடனே கண்ணாடியைத் தட்டிச் சத்தம் போட்டார். பிறகு கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, அதில் வருகிற பாட்டை எல்லோரும் கேட்கும்படி நின்றார். நியாயமான கோபம்தான். ஆனால் அவர் பேசி முடிப்பதற்குள் நான் விசாரித்து வைத்திருந்த பக்கத்து லாட்ஜ் அறை வேறொருவருக்குப் போய்விட்டது. போனில் பேசுகிறவர் எந்த ஊரிலோ இருக்கிறார். அறை இருப்பது இந்த ஊரில். சண்டையை விடிந்த பிறகு போடலாம்.

பதிவு ஏன் வந்து சேரவில்லை என்று கேட்பீர்கள். ஒரே அறையை நாலைந்து செயலிகளில் விற்கிறார்கள். ஒன்றில் விற்றால் மற்றவற்றில் குறைய வேண்டும். கணக்கு ஓடி வருவதற்குள் இன்னொன்றிலும் விற்றுவிடும். இது ஒன்று. வேண்டுமென்றே கூடுதலாக விற்பது இன்னொன்று. நானூறு பத்திரிகை கொடுத்த கல்யாணத்துக்கு முந்நூறு இலைக்குச் சமைப்பதுபோல, எப்படியும் சிலர் வரமாட்டார்கள் என்ற கணக்கு. எல்லோரும் வந்துவிட்டால் பந்தியில் அடிதடி! விமானத்தில் இப்படி இடமில்லாமல் பயணியை விட்டுவிட்டுப் போனால் நஷ்டஈடு உண்டு என்று விமானத்துறை விதியே இருக்கிறது. லாட்ஜுக்கு வந்து நிற்கிறவருக்கு அப்படிக் கைமேல் காசு இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915க்குச் சொல்லலாம், நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். அதற்கு ரசீதும், 'உறுதி செய்யப்பட்டது' என்ற செய்தியும் கையில் இருக்க வேண்டும். செல்போன் சார்ஜ் தீர்ந்து போகிற நேரமும் இதுதான் என்பதால், ஒரு காகிதத்தில் எடுத்து வையுங்கள்.

இதெல்லாம் செல்போன் காலத்துச் சங்கடம் என்று நினைக்க வேண்டாம். இந்த ஊரோடு சம்பந்தப்பட்ட ஒருவரின் கதை சொல்கிறேன். 1892 டிசம்பரில் எர்ணாகுளத்திலிருந்து ஒரு துறவி திருவனந்தபுரத்துக்கு வந்தார். வழித்துணைக்கு கொச்சி அரசின் சேவகரான ஒரு முஸ்லிம். திருவிதாங்கூர் இளவரசருக்கு ஆசிரியராக இருந்த பேராசிரியர் சுந்தரராம ஐயரின் வீட்டுக்குப் போனார். கதவருகே நின்ற ஐயரின் மகன், வந்தவரின் கம்பீரத் தோற்றத்தைப் பார்த்து, மகாராஜா ஒருவர் வந்திருக்கிறார் என்று அப்பாவிடம் ஓடினாராம். துறவி இரண்டு நாளாகக் கொஞ்சம் பால் தவிர எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. ஆனாலும் கூட வந்தவருக்கு முதலில் சாப்பாடு போடுங்கள் என்றார். ஒன்பது நாள் அந்த வீட்டில் தங்கினார். பிறகு தெற்கே நாகர்கோவில், கன்னியாகுமரி. நாகர்கோவில் போகிற அந்தப் பெரும்பாதை எங்கள் கரமனையைத் தாண்டித்தான் போகிறது. வந்தவர் விவேகானந்தர்.

அடுத்த ஆண்டு மே 31ஆம் தேதி, சிகாகோவில் நடக்கவிருந்த சர்வமதப் பேரவைக்காகப் பம்பாயில் கப்பல் ஏறினார். சென்னையில் அவருடைய சீடர் அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் வீடு வீடாகப் பணம் திரட்டிக் கொடுத்திருந்தார்கள். ஜப்பான் வழியாக வான்கூவர், அங்கிருந்து ரயில், ஜூலைக் கடைசியில் சிகாகோ. இரண்டு மாதப் பயணம். போய் விசாரித்தால், சர்வமதப் பேரவை செப்டம்பரில்தான் என்கிறார்கள்! கையில் அறிமுகக் கடிதமும் இல்லை. செலவு குறையட்டும் என்று பாஸ்டன் பக்கம் போனார். ஹார்வர்டு பேராசிரியர் ரைட் கடிதம் கொடுத்து அனுப்பிவைத்தார். பேரவைக்கு ஓரிரு நாள் முன்பு மறுபடியும் சிகாகோ வந்து இறங்கினால், பேரவை அலுவலக விலாசம் தொலைந்துவிட்டது. அன்று ராத்திரி ரயில்வே யார்டில் கிடந்த காலிப் பெட்டியில் படுத்தார். காலையில் பணக்காரத் தெருவில் வீடு வீடாகக் கேட்டுத் துரத்தப்பட்டு, களைத்துத் தெருவோரம் உட்கார்ந்துவிட்டார். எதிர் வீட்டு ஹேல் அம்மையார் கதவைத் திறந்து வந்து, நீங்கள் பேரவைக்கு வந்தவரா என்று கேட்டார். உள்ளே அழைத்துக் குளிக்க, சாப்பிட வழி செய்து, அலுவலகத்துக்கும் கூட்டிக்கொண்டு போனார். செப்டம்பர் 11ஆம் தேதிச் சொற்பொழிவு எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதைவிட அந்த அம்மாள் வந்து கேட்ட கேள்விதான் பெரிது. எங்கள் தொழிலில் முதல் கேள்வி அதுதான். எங்கிருந்து வருகிறீர்கள், எதற்கு வந்தீர்கள் என்று கேட்டால் பாதி வழி தெரிந்துவிடும்.

மணி பார்க்கச் சொல்லி ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சைகை காட்டுகிறார்கள். இந்த ஊருக்கே உரிய இரண்டு மூன்று விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கொச்சுவேளி ஸ்டேஷனுக்கு இப்போது திருவனந்தபுரம் வடக்கு என்று பெயர். நேமம் ஸ்டேஷன் திருவனந்தபுரம் தெற்கு. ஸ்டேஷனுக்கு எதிரே என்று தம்பானூரில் அறை போட்டுவிட்டு வடக்கில் போய் இறங்கினால் ஆட்டோதான் கதி. பத்மநாபசுவாமி கோவில் ஐப்பசி, பங்குனி ஆராட்டு நாட்களில் ஊர்வலம் விமான ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். சாயங்காலம் சில மணி நேரம் விமானமே கிடையாது. உங்கள் விமான நேரம் மாறும், லாட்ஜுக்கு அது தெரியாது. ஆற்றுக்கால் பகவதி கோவில் பொங்காலைக்கு முந்தின ராத்திரி அறை என்ற பேச்சே எடுக்காதீர்கள். 2009இல் இருபத்தைந்து லட்சம் பெண்கள் பொங்கலிட்டதாக கின்னஸ் பதிவு. அன்று கரமனைத் தெருவெல்லாம் மூன்று செங்கல் அடுப்புகள்தான். தெரியாத ஊர்ப் பெண்கள் எங்கள் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுப்பார்கள். கழிவறைக்கு வரிசை நிற்கும். எங்கள் வீட்டு ஆண்கள் திண்ணைக்குப் போய்விடுவோம். யாரும் முன்பதிவு கேட்பதில்லை!

ஆகவே நேயர்களே, விடியுமுன் வந்து சேர்வதானால் முந்தின தேதிக்கு அறை போடுங்கள். செயலியில் போட்டாலும் சாயங்காலம் லாட்ஜுக்கே ஒரு போன் போட்டு, வருகிற நேரத்தைச் சொல்லுங்கள். எடுத்தவர் பெயரையும் கேட்டு வையுங்கள். இடமில்லை என்றால் கவுண்டரை விட்டு நகராதீர்கள். எதிரே இருப்பவரைப் போன் எடுக்கச் சொல்லுங்கள், எடுப்பார். அடுத்த தடவை நீங்கள் எந்த ஊரில் எந்நேரத்தில் போய் இறங்கினாலும், "நீங்கதானே சாயங்காலம் போன் பண்ணினது?" என்று கேட்டுக்கொண்டே ஒருவர் சாவியை எடுத்து நீட்டட்டும்.