நெஞ்சில் ஒரு காந்தம்

மின்சாரம் ஓடும் கம்பியருகே காந்த ஊசி திரும்பும் என்பதை 1820-இல் ஏர்ஸ்டெட் கண்டார். ஆவடி, அம்பத்தூர் வழியே விரையும் மின்சார ரயிலை இயக்குவதும் அவ்வுறவே.

‘வேதாத்திரி மகரிஷி கூறிய சீவகாந்தமும் இதுதானோ?’ என்று பூவிருந்தவல்லி மாணவர் ஒருவர் என்னை வினவினார். நல்ல கேள்வி! இதயத்திலும் மின்னோட்டம் உண்டு. ஆகவே காந்தமும் உண்டு. 1963-இல் பாலும் மெக்ஃபீயும், இலட்சக்கணக்கான சுற்றுகள் கொண்ட கம்பிச் சுருள்களால் அதனை அளந்தனர். பூமியின் காந்தத்தில் ஏறக்குறையப் பத்து இலட்சத்தில் ஒரு பங்கே அது! மகரிஷி பேசியதோ தவத்தில் உணரும் உயிராற்றல். அது எக்கருவியிலும் அகப்பட்டதில்லை. இரண்டையும் ஒன்றெனக் கொள்ள என் அறிவு இசையவில்லை. திசைகாட்டியை மார்பருகே வைத்துப் பாருங்கள். ஊசி வடக்கையே காட்டும்.