யார் கையில் அளவுகோல்?

(திண்டுக்கல் மாணவர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஒரு கல்லூரி நன்றாகச் செயல்படுகிறதா என்பதை எப்படி அளப்பது? என் முனைவர் பட்ட ஆய்வே இதைப் பற்றியதுதான். 1978இல் அமெரிக்க ஆய்வாளர் கிம் கேமரூன் ஆறு உயர்கல்வி நிறுவனங்களை ஆராய்ந்து, செயல்திறனுக்கு ஒன்பது கூறுகளை வகுத்தார். இத்துறையில் இன்றும் எல்லோரும் படிக்கும் ஆய்வு அது. அவர் யாரிடம் கேட்டார்? நிர்வாகிகளிடமும் துறைத் தலைவர்களிடமும். மாணவர்களிடம் அல்ல.

நம் நாட்டு அளவுகோலுக்கு வருவோம். ஒன்றிய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசையில், 2024 விதிப்படி, மொத்தம் 100 மதிப்பெண். ஒரு நிறுவனத்தைப் பற்றி வெளியில் உள்ளவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதற்கு 10. வெளிமாநில, வெளிநாட்டு மாணவர்களுக்கு 3. பொருளாதாரத்திலும் சமூகத்திலும் பின்தள்ளப்பட்ட மாணவர்களுக்கு 2. அந்த இரண்டும், எத்தனை பேருக்குக் கல்விக் கட்டணம் முழுதாகத் திருப்பித் தரப்பட்டது என்பதை வைத்துத்தான்.

நிலக்கோட்டையிலிருந்தும் வேடசந்தூரிலிருந்தும் பஸ் ஏறி வந்து, குடும்பத்தின் முதல் பட்டத்தை வாங்கும் பிள்ளைகளால் நிறைந்திருக்கிறது ஒரு திண்டுக்கல் கல்லூரி என்று வையுங்கள். அதற்கு அந்த 3 மதிப்பெண்ணில் ஏறக்குறைய ஒன்றும் கிடைக்காது.

பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் என எல்லோரையும் ஒரே எண்ணாகக் கூட்டித்தான் படிவம் கேட்கிறது. யார் படிப்பை முடித்தார்கள், யார் பாதியில் நின்றார்கள் என்பது அந்தக் கூட்டலில் மறைந்துவிடுகிறது.

2016 ஜனவரி 17 அன்று ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் தோழர் ரோகித் வெமுலாவை இழந்தோம். அதே ஏப்ரலில் முதல் தரவரிசை வெளியானது. பல்கலைக்கழகங்கள் பட்டியலில் ஐதராபாத்துக்கு நான்காம் இடம். இதற்கு யாரும் பொய்க்கணக்கு எழுத வேண்டியிருக்கவில்லை. அந்த இழப்பை எழுத அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை.

அதற்காக அளப்பதே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எண்ணாமல் விட்டால் ஆதாயம் ஆதிக்கத்துக்குத்தான். 2007இல் சுகதேவ் தோரட் குழு, டெல்லி எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களிடமே கேட்டது. வகுப்பில் எப்படி நடத்துகிறார்கள், விடுதியில் என்ன நடக்கிறது என்று கேட்டது. விடுதியில் அவர்கள் ஒதுக்கப்பட்டது அதனால்தான் அறிக்கையில் ஏறியது.

அந்தக் கேள்விகளை நாமும் கேட்கலாம். அரசுக் கல்லூரி என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட 10 ரூபாய் போதும். ஐந்தாண்டுகளில் சேர்ந்த பட்டியல் சாதி, பழங்குடி மாணவர் எத்தனை பேர்? உரிய காலத்தில் முடித்தவர் எத்தனை பேர்? ஆய்வைப் பாதியில் விட்டவர் எத்தனை பேர்? சாதிப் பாகுபாடு குறித்து வந்த புகார்கள் எத்தனை, தீர்த்தவை எத்தனை?

"அப்படி ஒரு பதிவேடு இல்லை" என்று பதில் வரலாம். அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். கல்லூரியின் செயல்திறனுக்கு அதுவும் ஓர் அளவுதான்.